காலா லில்லி வளர்க்க...

தென்னாப்பிரிக்கச் சதுப்புகளில் தானாக வளரும் சேம்புக் குடும்பத்துச் செடி இது. ஊட்டி, கொடைக்கானல் குளிருக்கு நன்றாகப் பொருந்தும். மண் காயவே கூடாது. குளத்தோரம் 30 செ.மீ. ஆழத் தண்ணீரிலும் நிற்கும்.

தூய வெள்ளைக்கும் குளிர் தாங்கவும் ‘க்ரோபரோ’ ரகம். எனக்குப் பிடித்தது ‘க்ரீன் காடஸ்’. வெள்ளை மடலின் நுனியில் பச்சை படர்ந்திருப்பதால் இலைகளுக்கிடையே சட்டென்று தெரியாது. ஜாடியில் வைத்தால் கண்ணை எடுக்க முடியாது.

பூவை வெட்டாமல், தண்டின் அடியைப் பிடித்து லேசாகத் திருகி இழுங்கள். செடி முழுவதும் கால்சியம் ஆக்ஸலேட் ஊசிப் படிகங்கள் உண்டு. கடித்தால் வாயும் தொண்டையும் எரிந்து வீங்கும். குழந்தைகள், நாய், பூனைக்கு எட்டவிடாதீர்கள்.

வேண்டாத கிழங்கை ஓடையில் எறியவே எறியாதீர்கள். நீலகிரிச் சதுப்புகளில் ஏற்கெனவே பரவிவிட்டது.