வலி போன பிறகுதான் வைத்தியம்

பெரியகுளம்

அன்பு மருமகனுக்கு அத்தை எழுதுவது.

உன் கால் கட்டைவிரலில் வந்தது சுளுக்கு இல்லை, யூரிக் ஆசிட்தான் என்று டாக்டர் சொன்னதாக உன் வீட்டுக்காரி போனில் சொன்னாள். வீக்கம் வடிந்து, மறுபடியும் டால்பின் நோஸ் பாறைக்கு ஆள் கூட்டிப்போக ஆரம்பித்துவிட்டாய் என்றும் சொன்னாள். அதனால்தான் எழுதுகிறேன். வலியோடு படுத்திருப்பவனுக்குப் புத்தி சொல்லத் தேவையில்லை, கொடுத்த மாத்திரையைப் போடுவான். வலி விட்டவன்தான் டாக்டர் சீட்டைத் தொலைப்பான்.

உன் அப்பா அப்படித்தான் இருந்தார். கால் வீங்கும்போதெல்லாம் மெடிக்கலில் வலி மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்வார். வீக்கம் வடிந்ததும் தோட்டத்துக்குப் போய்விடுவார். ஒரு வருஷம் விட்டு வந்தது, பிறகு மாசத்துக்கு மாசம் வந்தது. கட்டைவிரலில் இருந்தது கணுக்காலுக்கும் முட்டிக்கும் ஏறி, கடைசியில் கைவிரல்களில் கட்டி கட்டியாக நின்றது. சட்டைப் பட்டனை உன் அம்மா போட்டுவிட வேண்டியிருந்தது. சோற்றைப் பிசைய விரல் மடங்காமல் ஸ்பூன் கேட்டார். பந்தியில் உட்காரக் கூச்சப்பட்டுக் கல்யாணங்களுக்குப் போவதையே நிறுத்தினார். நீ அப்போது சின்னப்பையன். வலியில் துடித்த ராத்திரிகள் உனக்கு நினைவிருக்கும். அவரிடமிருந்து ஒவ்வொரு வேலையாகக் கழன்றுபோனதை நீ கவனித்திருக்க மாட்டாய்.

நான் நர்ஸ் வேலை பார்த்த காலத்தில் இந்த நோய்க்காரர்கள் எல்லாரும் சொன்னது ஒன்றுதான்: போர்வை பட்டாலே உயிர் போகிறது. பெரும்பாலும் நடுராத்திரியிலோ விடிகாலையிலோ கிளம்பும். விடிந்தால் கக்கூஸில் குந்த முடியாது, செருப்பு மாட்ட முடியாது. வட்டக்கானல் மாதிரி ஊரில் இன்னும் கஷ்டம். ரோட்டிலிருந்து உன் வீட்டுக்கே படி இறங்க வேண்டும். சிலிண்டரையும் அரிசி மூட்டையையும் தோளில்தான் கொண்டுவர வேண்டும். பைக்கில் கியரை மேலே தூக்குவது இடது கட்டைவிரல்தான். டால்பின் நோஸ் பாதையில் இறங்கும்போது உடம்புப் பாரம் முழுக்க விரல் நுனியில் விழும். வேரிலும் ஈரக்கல்லிலும் ஒரு காலை நொண்டி வைத்தால் நீயும் விழுவாய், உன்னை நம்பி வந்தவனும் விழுவான். அறை வாடகையும் கைடு கூலியும் சேர்ந்துதான் உன் குடும்பம். உன் கால் படுத்தால் வருமானமும் படுத்துவிடும்.

இது ஏன் வருகிறது என்று தெரிந்துகொள். ரத்தத்தில் யூரிக் ஆசிட் டெசிலிட்டருக்கு 6.8 மில்லிகிராமைத் தாண்டினால் கரைந்து நிற்காமல் மூட்டுக்குள் ஊசி ஊசியாகப் படியத் தொடங்கும். மலைத்தேன் குளிரில் குருணை கட்டுவதைப் பார்த்திருக்கிறாயே, அப்படித்தான். உடம்பிலேயே குளிர்ந்த இடம் கால் நுனி என்பதால் கட்டைவிரலில் முதலில் பிடிக்கிறது. அந்தக் குருணை வலி விட்ட பிறகும் உள்ளேயேதான் கிடக்கும்.

இதைக் குடிகாரன் நோய் என்று யாராவது கேலி பேசினால் தலைகுனியாதே. யூரிக் ஆசிட்டில் பெரும்பங்கை வெளியேற்றுவது சிறுநீரகம். அது மெதுவாக வேலை செய்வது பல குடும்பங்களில் பரம்பரையாக வருகிறது, நம் குடும்பத்திலும் அப்படித்தான் என்று நினைக்கிறேன். ஆனால் விருந்தாளிகள் ஊற்றிக்கொடுக்கும் பீரை விட்டுவிடு. ஈரல், குடல், நெத்திலி, மத்தி, பாட்டில் கூல்டிரிங்க்ஸ் இவற்றையும் குறை. பருப்பையும் கீரையையும் தக்காளியையும் ஒதுக்கச் சொல்லி உன் வீட்டுக்காரியைப் பாடாய்ப் படுத்தாதே, அவற்றால் பெரிய கெடுதல் இல்லை. பாலும் தயிரும் நல்லது. குளிரில் தாகம் தெரியாது என்று தண்ணீர் குடிக்காமல் இருக்காதே. ராத்திரி காலுறை போட்டுப் படு.

மறுபடி கிளம்பினால் அன்றே டாக்டர் தரும் மாத்திரையைத் தொடங்கு. காலைத் தலையணை மேல் உயர்த்தி வை. துணியில் சுற்றிய ஐஸைக் கொஞ்ச நேரம் வைத்து எடு. மற்ற நாளில் கால் சூடாக இருக்கட்டும், வீங்கிய நாளில் குளிர்ச்சிதான் இதம். சுளுக்கு எடுப்பவரிடம் விரலை நீட்டாதே, எண்ணெய் போட்டு உருவவும் விடாதே. வீக்கத்தோடு காய்ச்சலும் நடுக்கமும் இருந்தால் மூட்டில் கிருமி புகுந்திருக்கலாம், அன்றைக்கே கொடைக்கானல் அரசு ஆஸ்பத்திரிக்குப் போய்விடு. ரோடு இல்லாமல் வெள்ளகெவிக்காரர்கள் நோயாளியை டோலி கட்டித் தூக்கிவந்ததை நீ பார்த்திருக்கிறாய். உனக்குப் படி ஏறினால் ரோடு இருக்கிறது, தள்ளிப்போட ஒரு காரணமும் இல்லை.

நம் மலையடிவாரத்தில் ஒட்டன்சத்திரம் பக்கம் காடுகாடாகக் கண்வலிக்கிழங்கு பயிரிடுகிறார்களே, நம் மாநிலப் பூவான செங்காந்தள்தான் அது. அதன் விதையிலிருந்து எடுக்கும் கோல்ச்சிசின்தான் இந்த வலிக்கு மாத்திரையாக வருகிறது. அதைக் கேள்விப்பட்டு யாராவது கிழங்கை அரைத்துக் குடிக்கச் சொன்னால் கேட்காதே. அந்தக் கிழங்கு ஆளைக் கொல்லும் விஷம். மாத்திரையில் அரை மில்லிகிராம் என்று அளந்து வைத்திருப்பதே அதனால்தான். வலி தாங்காமல் நீயாக ஒன்று கூட்டிப் போட்டுக்கொள்ளவும் கூடாது.

இனிமேல்தான் முக்கியம். வலி இருக்கும்போது எடுத்த ரத்தத்தில் யூரிக் ஆசிட் சரியாக இருப்பது போலவே காட்டலாம். அதனால் வலி விட்டு இரண்டு வாரம் கழித்து மறுபடியும் எடு, கிரியாட்டினினும் சேர்த்துப் பார்க்கச் சொல். திரும்பத் திரும்ப வருகிறது, அல்லது கட்டி தெரிகிறது, அல்லது சிறுநீரகத்தில் கல் இருக்கிறது என்றால் அலோப்யூரினால் தொடங்குவார்கள். குறைந்த அளவில் ஆரம்பித்து, யூரிக் ஆசிட் 6-க்குக் கீழே வரும்வரை கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுவார்கள். முதல் சில மாதம் பழைய குருணை கரையும்போது வலி கிளம்பலாம். ‘மாத்திரையால்தான் வலி வந்தது’ என்று பலபேர் அங்கேதான் நிறுத்திவிடுகிறார்கள், நீ நிறுத்தாதே. தோலில் தடிப்போ வாய்ப்புண்ணோ வந்தால் மட்டும் உடனே நிறுத்திவிட்டு டாக்டரைப் பார். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் உனக்கு வரும் பிரஷர் மாத்திரையையும் அவரிடம் காட்டு. நீர் பிரியக் கொடுக்கும் சில மாத்திரைகள் யூரிக் ஆசிட்டை ஏற்றிவிடும்.

வீட்டிலும் இப்போதே ஏற்பாடு செய்துகொள். படியில் கைப்பிடிக் கம்பி போடு. ஒரு வெஸ்டர்ன் டாய்லெட் வை, வயதான விருந்தாளிகளுக்கும் உதவும். நீ படுத்த நாளில் ஆள் கூட்டிப்போகச் சித்தப்பா பையனிடம் பேசி, பாதிக் கூலி என்று முன்கூட்டியே முடிவு செய். அன்றைக்கு முடியவில்லை என்றால் முடியவில்லை என்று சொல். பல்லைக் கடித்துக்கொண்டு மலை இறங்குவது வீரம் இல்லை.

உன் அப்பா காலத்திலும் அலோப்யூரினால் இருந்தது, விலையும் அதிகம் இல்லை. வலி இல்லாத நாளில் போட வேண்டிய மாத்திரை என்பதால்தான் அவர் போடவில்லை. ரத்தம் எடுத்ததும் ரிப்போர்ட்டை வாட்ஸ்அப்பில் அனுப்பு. அனுப்பாவிட்டால் பஸ் ஏறி நானே வந்துவிடுவேன், அப்புறம் திட்டு வாங்கிக்கொண்டுதான் எனக்குக் காபி போட வேண்டியிருக்கும்.

அன்புடன்,
அத்தை