மழைமர இசை

மழை விட்டும் தூவானம் விடவில்லை என்பர். மஹய்யாவ மாணாக்கர்க்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. மழை ஓய்ந்து நாழிகை கழிந்தும் மரத்தடியில் நிற்பவர் தலை நனையும். இவ்வனுபவத்தைப் பியானோவில் அமைத்தவர் ஜப்பானிய இசையாசிரியர் டோரு டகெமிட்சு (1930–1996). கென்சாபுரோ ஓயேயின் கதையொன்றில், சிற்றிலைகளில் நீரைத் தேக்கி மறுநாள் நண்பகல் கடந்தும் சொட்டும் மரமொன்று வருகிறது. அதனைத் தழுவி 1982இல் ‘மழைமரச் சித்திரம்’ என்னும் தனிப் பியானோ உருப்படியை அவர் இயற்றினார். இரண்டாவது சித்திரம் 1992இல் மறைந்த பிரெஞ்சு இசைஞர் மெசியானின் நினைவுக்குரியது. நம் சார்ங்கதேவர் தொகுத்த தாளங்களைப் பயின்று கையாண்டவர் மெசியான் என்பதும் ஈண்டு நினையத்தக்கது.

வீணையிலும் மீட்டிய ஒலி தேயும். ஆயினும் தந்தியை இழுத்துக் கமகம் காட்டலாம். பியானோவிலோ எழுந்த சுரத்தை வளைத்தல் இயலாது. வலக்கால் மிதியை அழுத்தினால் தந்திகளை அடக்கும் கட்டைகள் விலகும்; விரல் எடுத்த பின்னும் ஒலி நின்று மெல்லத் தேயும். அத்தேய்வையே டகெமிட்சு இசையாகக் கொண்டார்.

வகுப்பில் முதன்முறை கேட்பித்தபோது, உருப்படி முடிந்ததெனக் கருதி ஒலிப்பதிவை நிறுத்திவிட்டோம். பின்வரிசை மாணவனொருவன், “சேர், இன்னும் சொட்டுது!” என்றான். மீண்டும் முதலிலிருந்து கேட்டோம்.