சைக்கிளை கார் மேல ஏத்தலாமா, பின்னாடி மாட்டலாமா?

போன செமஸ்டர் லீவுல சென்னையிலிருந்து வால்பாறைக்கு கிளம்பினோம். நாங்க மூணு பேர், ரெண்டு சைக்கிள், நண்பனோட அப்பாவின் ஹேட்ச்பேக் கார். டிக்கியில் பெல்ட் போட்டு மாட்டுற ஒரு ரேக்கை ஆன்லைனில் இருந்ததிலேயே குறைஞ்ச விலைக்கு வாங்கியிருந்தோம். உளுந்தூர்பேட்டை தாண்டினதும் பின்னாடி வந்த ஒரு பைக்காரர் விடாம ஹார்ன் அடிச்சார். அப்புறம் பக்கத்துல வந்து கையை பின்பக்கம் காட்டிட்டுப் போனார். ஓரமா நிறுத்தி இறங்கிப் பார்த்தா, மேல் பெல்ட் ஒண்ணு தளர்ந்து, ரேக் ஒரு பக்கமா சாய்ஞ்சு, வெளிப்பக்க சைக்கிளின் முன் சக்கரம் ரோட்டுக்கு ஒரு ஜாண் உயரத்துல ஆடிட்டு இருந்தது. அது கழண்டு விழுந்திருந்தா விழுந்திருக்கிற இடம், அந்த பைக்காரரின் முன் சக்கரம்.

மெக்கானிக்ஸ் பேப்பர்ல நல்ல மார்க் எடுத்த மூணு பேர் சேர்ந்து செஞ்ச வேலை இது. அந்தக் கணக்கை வாங்கறதுக்கு முன்னாடியே போட்டிருக்கணும். நீங்களாவது போட்டுப் பாருங்க.

டிக்கி ரேக்கை எடுத்துக்குவோம். ஒரு சைக்கிள் 15 கிலோ, ரேக் 5 கிலோ, மொத்தம் 35 கிலோ, அதாவது சுமார் 343 நியூட்டன். இந்த எடையின் மையம் காரின் பின்பக்கத்திலிருந்து 35 சென்டிமீட்டர் வெளியே தள்ளி நிக்குதுன்னு வச்சுக்கங்க. மொமென்ட் 120 நியூட்டன் மீட்டர். இதைத் தாங்கி நிக்கிறது மேல் பெல்ட்டின் இழுவையும், கீழே பம்பர் பக்கம் அழுத்துற பேடும் தான். ரெண்டுக்கும் நடுவே அரை மீட்டர் உயரம் இருந்தா, மேல் பெல்ட்டுகளில் சும்மா நிக்கும்போதே 240 நியூட்டன் கிடைமட்ட இழுவை இருக்கும். ஒரு குழியில் இறங்கி ஏறினா அந்த ஒரு நொடியில் இது ரெண்டு மடங்கு, சில சமயம் அதுக்கும் மேல போகும். சைக்கிளோட எடையை மட்டும் பார்த்து "35 கிலோ தானே"ன்னு நினைச்சா இந்த நம்பர் கண்ணில் படாது. வெளிப்பக்க சைக்கிள் காரிலிருந்து எவ்வளவு தள்ளி நிக்குதோ, பெல்ட்டுக்கு அவ்வளவு வேலை. அதனால கனமான சைக்கிளை காரை ஒட்டி முதல்ல மாட்டணும். நாங்க தலைகீழா மாட்டியிருந்தோம்.

பெல்ட் ஏன் தளருது? புது பெல்ட்டில் போட்ட இழுவை முதல் சில கிலோமீட்டரிலேயே குறையும், ஏன்னா பேடு அமுங்கும், கொக்கி இருந்த இடத்திலிருந்து ஒரு மில்லிமீட்டர் நகரும், நெசவு நீளும். நைலான் பெல்ட்னா மழையில் நனைஞ்சா இன்னும் கொஞ்சம் நீளும். பாலியெஸ்டர் பெல்ட் அந்த விஷயத்தில் பரவாயில்லை. இதெல்லாம் பொருளோட குணம், ஆனா கிளம்பி 20 கிலோமீட்டரில் ஒரு தடவை நிறுத்தி இழுத்துப் பார்க்காதது எங்க தப்பு. மிச்ச பெல்ட் நுனியை முடிச்சுப் போடாம விட்டதும் தான்: காத்துல படபடன்னு அடிச்சு பக்கிளையே கொஞ்சம் கொஞ்சமா இளக்கிடும்.

இன்னொண்ணு. கொக்கி எங்கே மாட்டுதுன்னு பாருங்க. டிக்கி கதவின் இரும்பு விளிம்பில் மாட்டினா சரி. நிறைய ஹேட்ச்பேக்ல மேலே பிளாஸ்டிக் ஸ்பாய்லர் தான் இருக்கு, 240 நியூட்டனுக்கு அது பதில் சொல்லாது. பேடு உக்காருற இடத்தை மாட்டறதுக்கு முன்னாடி ஈரத்துணியால துடைங்க. நடுவுல மாட்டின தூசி உப்புத்தாள் மாதிரி பெயின்ட்டைத் தேய்ச்சிடும் (இதுக்கு நண்பனோட அப்பாகிட்ட வாங்கின திட்டு தனிக் கட்டுரைக்குப் போதும்). நம்பர் பிளேட்டும் பிரேக் லைட்டும் மறையக் கூடாது. ராத்திரியில பின்னாடி வர்ற லாரிக்கு நீங்க பிரேக் போடுறது தெரிஞ்சாகணும். அப்புறம், லக்கேஜ் எடுக்க டிக்கியைத் திறக்கணும்னா ரேக்கையே கழட்டணும். லீவு ட்ரிப்ல இது சின்ன விஷயமில்லை.

அப்போ மேல ஏத்திடலாமா? முதல்ல காரோட மேனுவலைத் திறங்க. ரூஃப் லோடு லிமிட்னு ஒரு எண் இருக்கும், சின்ன கார்களில் பெரும்பாலும் 50 கிலோவை ஒட்டி. ரேக்கோட எடையும் இதுக்குள்ள தான் அடங்கணும். குறுக்குக் கம்பிகள் 6 கிலோ, ரெண்டு கேரியர் 6 கிலோ, ரெண்டு சைக்கிள் 30 கிலோ: மொத்தம் 42. சரி. மூணாவது சைக்கிளை ஏத்தினா கேரியரோட சேர்த்து 60, லிமிட் தாண்டியாச்சு. கார் கூரையில் நீளமா ஓடுற ரெயிலை நம்பி வாங்கறதுக்கு முன்னாடி, அது நிஜமாவே எடை தாங்குற ரெயிலா, அழகுக்கு ஒட்டினதான்னும் அதே மேனுவலில் பாருங்க. அழகு ரெயில் நம்ம ஊர் கார்களில் சாதாரணம்.

பிரேக் அடிக்கும்போது மேல என்ன நடக்குதுங்கறது எனக்கு ரொம்பப் பிடிச்ச கணக்கு. 15 கிலோ சைக்கிள், சென்டர் ஆஃப் கிராவிட்டி தட்டிலிருந்து அரை மீட்டர் உயரத்தில், ரெண்டு சக்கரத்துக்கும் இடையே 1 மீட்டர். நிக்கும்போது பின் சக்கரத்தில் பாதி எடை, சுமார் 74 நியூட்டன். நாய் குறுக்கே வந்து 0.8 ஜி-யில் பிரேக் அடிக்கிறீங்க. சைக்கிளை முன்னால தள்ளுற ஃபோர்ஸ் 118 நியூட்டன், மொமென்ட் 59, அதனால பின் சக்கரத்திலிருந்து 59 நியூட்டன் குறையும். மிச்சம் 15 தான். அதே நேரத்தில் ஒரு ஸ்பீடு பிரேக்கர் வந்தா பின் சக்கரம் எழும்பிடும். பின் சக்கரத்தைக் கட்டுற அந்தச் சின்ன வார் அலங்காரமில்லை, தொலைஞ்சு போச்சுன்னு கயிறு கட்டிட்டுப் போகாதீங்க.

காத்து விஷயம். ஒரு சைக்கிளின் டிராக் ஏரியா 0.1 சதுர மீட்டர்னு எடுத்துக்கிட்டா, 100 கிலோமீட்டர் வேகத்தில் ரெண்டு சைக்கிளுக்கு சுமார் 93 நியூட்டன் எதிர்ப்பு வரும். காரோட சொந்த எதிர்ப்பு, 0.7 சதுர மீட்டர்னு வச்சா, 324 நியூட்டன். கிட்டத்தட்ட 30 சதவீதம் கூடுது, பெட்ரோல் முள்ளில் அது தெரியும். வேகத்தை 80-க்கு இறக்கினா 93 என்பது 60-க்கு வந்துடும், ஏன்னா ஸ்கொயர். மேல கட்டினா 80 போதும்.

ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவு. 1000 கிலோ கார், சென்டர் ஆஃப் கிராவிட்டி தரையிலிருந்து 55 சென்டிமீட்டர். 40 கிலோவை 2 மீட்டர் உயரத்தில் வச்சா அது சுமார் 60.5-க்கு ஏறிடுது. கவுந்துடும்னு சொல்லல, ஆனா வளைவில் கார் சாயறது வித்தியாசமா இருக்கும். இறக்கத்தில் அதை மனசுல வச்சு ஓட்டுங்க. உயரத்தையும் டேப் வச்சு அளந்து, ஸ்டியரிங் பக்கத்துல ஒரு பேப்பர்ல எழுதி ஒட்டுங்க. ஒன்றரை மீட்டர் கார் மேல சைக்கிள் நின்னா இரண்டரை மீட்டரைத் தாண்டும். ஆறு மணி நேரம் ஓட்டின களைப்பில் ஹோட்டல் பேஸ்மென்ட் பார்க்கிங்குக்குள்ள நேரா நுழையறவங்க மேல என்ன இருக்குன்னு மறந்துடுறாங்க.

காருக்குக் கீழே டோ ஹிட்ச் இருந்தா அதில் மாட்டுற ரேக் தான் சுலபம், சைக்கிளை இடுப்பு உயரத்துக்குத் தூக்கினா போதும். ஆனா நம்ம ஊரில் பெரும்பாலான கார்களில் அது இல்லை, இந்த ஒரு ட்ரிப்புக்காக வெல்டிங் அடிச்சுப் போட்டுக்காதீங்க.

எது வாங்கினாலும் கடைக்கு உங்க சைக்கிளையே கொண்டு போங்க. ஃபோர்க்கைப் பிடிக்கிற வகைன்னா உங்க ஆக்ஸில் 9 மில்லிமீட்டர் குயிக் ரிலீஸா, 12 அல்லது 15 மில்லிமீட்டர் த்ரூ ஆக்ஸிலான்னு பார்க்கணும், ஒண்ணு இன்னொண்ணுக்குப் பொருந்தாது. மேல் கம்பி இல்லாத லேடீஸ் மாடலுக்கு டிக்கி ரேக்ல மாட்ட தனியா ஒரு குறுக்குக் கம்பி வேணும். கார்பன் ஃபிரேம்னா ஃபிரேமைக் கவ்வுற கிளாம்ப் வேண்டாம், சக்கரத்தைப் பிடிக்கிற வகையா பாருங்க. எலெக்ட்ரிக் சைக்கிள்னா பேட்டரியைக் கழட்டி உள்ளே வச்சுட்டு, மேலே போட்ட எடைக் கணக்கைத் திருப்பிப் போடுங்க.

ரெண்டே பேர் போறீங்கன்னா ரேக்கே வேண்டாம்னு தான் சொல்வேன். பின் சீட்டை மடக்கி, ரெண்டு சக்கரத்தையும் கழட்டி, செயின் பக்கம் மேலே பார்க்கிற மாதிரி படுக்க வைங்க, நடுவில் ஒரு பழைய பெட்ஷீட். ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக்னா பேடுகளுக்கு நடுவே மடிச்ச அட்டையைச் செருகிடுங்க. சக்கரம் இல்லாதப்போ யாராவது லீவரை அமுக்கிட்டா பேடு ஒட்டிக்கும், ஊர் போய்ச் சேர்ந்ததும் டிஸ்க் உள்ளே போகாது.

திரும்பி வரும்போது நாங்க அப்படித்தான் வச்சோம். மூணாவது ஆளுக்கு இடமில்லாததால அவன் பொள்ளாச்சியில் பஸ் ஏறினான். டிக்கெட் காசை மத்த ரெண்டு பேரும் பாதிப் பாதி போட்டோம். மதியச் சாப்பாட்டுக்கும் சேர்த்துக் கேட்டான், அது இன்னும் பாக்கி.