கருவின் தோற்றமும் குரோமோசோம் நலமும்

செயற்கைக் கருத்தரிப்புச் சிகிச்சையில், ஐந்தாம் நாள்வரை வளர்ந்த கருவைப் பற்றிய அறிக்கையில் ‘4ஏபி’, ‘3பிசி’ போன்ற குறியீடுகள் இடம்பெறும். அவற்றைத் தேர்வு மதிப்பெண்ணாகவே கருதி மகிழ்வோரும் மனமுடைவோரும் உளர். அக்குறியீடு உரைப்பது யாது, உரைக்காதது யாது என்பதை அறிந்துகொள்ளுதல் நலம்.

குறியீட்டின் பொருள்

கார்ட்னர், ஸ்கூல்கிராஃப்ட் ஆகியோர் 1999இல் வெளியிட்ட முறை இது. 1 முதல் 6 வரையிலான எண், கரு எவ்வளவு விரிந்துள்ளது என்பதைக் காட்டும். முதல் எழுத்து, குழந்தையாக உருவாகும் உள் அணுத்திரளின் தரம். இரண்டாம் எழுத்து, நஞ்சுக்கொடியாக வளரும் வெளி அடுக்கின் தரம். ‘ஏ’ உயர்ந்தது, ‘சி’ குறைந்தது.

தோற்றம் காட்டாதது

மனித உயிரணுவில் 23 இணைகளாக 46 குரோமோசோம்கள் உள்ளன. அவற்றுள் ஒன்று கூடினாலும் குறைந்தாலும், அக்கரு பெரும்பாலும் கருப்பையில் பதிவதில்லை. பதிந்தாலும் கலைந்துவிடுவதே மிகுதி. இந்தப் பிழையை நுண்ணோக்கியில் கருவின் வடிவைப் பார்த்துக் கண்டறிய இயலாது. நல்ல தரமுள்ள கருக்களில் பிழை ஓரளவு குறைவாகக் காணப்படினும், ‘ஏ’ தரக் கருவிலும் பிழை இருக்கலாம். ‘சி’ தரக் கருவும் குறையற்றதாக இருக்கலாம். ஆகவே, உங்களுக்குக் கிடைத்தது ஒரே கரு, அதுவும் தரம் குறைந்தது என்பதனால் மட்டும் நம்பிக்கை இழக்க வேண்டியதில்லை.

தோற்றத்தைவிடத் தாயின் வயதே வலுவான அறிகுறி. இப்பிழைகளிற் பெரும்பாலானவை கருமுட்டை முதிரும்போது நேர்கின்றன. 15,000க்கும் மேற்பட்ட கருக்களை ஆராய்ந்து 2014இல் வெளியான அமெரிக்க ஆய்வில், 26 முதல் 30 வயதுவரை பிழை மிகக் குறைவாகவும், 40 வயதில் பாதிக்கும் மேற்பட்ட கருக்களிலும் காணப்பட்டது.

குரோமோசோம் பரிசோதனை

வெளி அடுக்கிலிருந்து சில அணுக்களை எடுத்து ஆராய்வதே ‘பிஜிடி-ஏ’ பரிசோதனை. இது கருவைச் சீர்ப்படுத்துவதில்லை. தேர்ந்தெடுக்க உதவுகிறது, அவ்வளவே. எடுக்கப்பட்ட அணுக்கள் முழுக் கருவையும் பிரதிபலிக்காமலும் போகலாம். இயல்பான அணுக்களும் பிழையுள்ள அணுக்களும் கலந்திருந்த 18 கருக்களைச் செலுத்தியதில் ஆறு நலமான குழந்தைகள் பிறந்ததாக 2015இல் இத்தாலிய மருத்துவர்கள் தெரிவித்தனர்.

இப்பரிசோதனை எல்லோருக்கும் தேவையா? மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட நல்ல கருக்களைப் பெற்ற 1,212 பெண்களிடம் சீனாவில் நடத்தி 2021இல் வெளியிட்ட ஆய்வில், பரிசோதித்த பிரிவில் 77.2 விழுக்காட்டினரும், தோற்றத்தை மட்டும் கொண்டு தேர்ந்த பிரிவில் 81.8 விழுக்காட்டினரும் குழந்தை பெற்றனர். கருச்சிதைவு மட்டும் முதற் பிரிவில் சற்றுக் குறைந்தது. இவர்கள் 37 வயதுக்கு மேற்படாதோர் என்பதையும், கருக்கள் பல பெற்றோர் என்பதையும் மனத்திற் கொள்க.

மருத்துவரிடம் கேட்க வேண்டியவை

• எங்கள் வயதுக்கும் கருக்களின் எண்ணிக்கைக்கும் இப்பரிசோதனையால் பயன் உண்டா?
• அணு எடுப்பதால் கருவுக்கு நேரக்கூடிய பாதிப்பு என்ன?
• கலப்பு முடிவு வந்தால் அக்கருவை என்ன செய்வீர்கள்?
• பரிசோதித்த எந்தக் கருவும் தேறாவிடில் அடுத்த வழி என்ன?

கருவின் பாலினத்தைக் கேட்டறிவதும் தெரிவிப்பதும் இந்தியச் சட்டப்படி குற்றமாகும். பரிசோதனை அறிக்கையில் அது இடம்பெறாது.