கறுப்புத் திரவமும் கறுத்த மண்ணும்

கேள்வி: உரக்கடையில் ஹியூமிக் அமிலம் என்று கறுப்பாக ஒரு திரவம் தருகிறார்கள். தொழுவுரம் அடிக்கும் செலவே வேண்டாம், இது போதும் என்கிறார்கள். உண்மையா? இது வயலில் தானாக உருவாகாதா?
– நெல் விவசாயி ஒருவர், காவிரி டெல்டா

பதில்: தானாக உருவாகும். உழவர்கள் ‘மட்கு’ என்று சொல்லும் கறுத்த பொருளின் ஒரு பகுதிதான் அது.

தழை, வேர், சாணம் எது மண்ணில் விழுந்தாலும் நுண்ணுயிரிகளுக்கு அது இரை. சர்க்கரையும் மாவும் சில நாளில் தீரும். செல்லுலோஸ் கரைய மாதக்கணக்கு ஆகும். தண்டுக்கு விறைப்புத் தரும் லிக்னினைப் பூஞ்சைகள்தான் மெல்ல மெல்ல உடைக்கின்றன. தின்றதில் பெரும்பங்கு கரியமில வாயுவாகக் காற்றில் போய்விடுகிறது. எஞ்சியது அந்த உயிரிகளின் உடலாகிறது. அவை செத்த பிறகு அவற்றின் மிச்சமும், பாதி சிதைந்த லிக்னினும் களிமண் துகள்களில் ஒட்டிக்கொள்கின்றன. அப்படி ஒட்டியதை வேறு உயிரிகள் எளிதில் தின்ன முடியாது. களி கலந்த வயலில் மட்கு தங்குவதும் மணல் வயலில் நிற்காமல் போவதும் இதனால்தான்.

ஹியூமிக் அமிலம் என்ற பெயர் ஆய்வுக்கூடத்தில் பிறந்தது. 1786-இல் பெர்லின் வேதியியலர் பிரான்ஸ் கார்ல் ஆஷார்ட், சதுப்பில் பாதி மட்கிக் கிடந்த பீட் மண்ணைக் காரநீரில் ஊறவைத்தார். கறுப்புச் சாறு இறங்கியது. அதில் அமிலம் விட்டதும் கறுப்பு அடியில் படிந்தது. இன்றைக்கும் இதுதான் முறை. படிவது ஹியூமிக் அமிலம், சாற்றிலேயே நிற்பது ஃபுல்விக் அமிலம், காரத்தில் கரையவே கரையாதது ஹியூமின். மண்ணுக்குள் இவை இப்படித் தனித்தனியாக இருப்பதில்லை என்று யோஹன்னஸ் லேமன், மார்க்கஸ் கிளெபர் ஆகிய இருவரும் 2015-இல் ‘நேச்சர்’ இதழில் வாதிட்டார்கள். மண்ணில் இருப்பது பல நிலைகளில் சிதைந்துகொண்டே இருக்கும் பொருள்களின் தொடர்வரிசை, காரத்தில் ஊறவைப்பதுதான் அதைக் கூறு போடுகிறது என்பது அவர்கள் கட்சி. பெயரைப் பற்றிய அந்த வழக்கு இன்னும் ஓயவில்லை. மட்கின் பயனில் யாருக்கும் சந்தேகம் இல்லை.

அந்தப் பயன் என்ன? மட்கின் மேற்பரப்பில் எதிர்மின்னேற்றம் நிறைய உண்டு. இட்ட உரத்திலிருந்து வரும் அம்மோனியம், பொட்டாசியம், கால்சியம் எல்லாம் அதில் பற்றிக்கொண்டு, தண்ணீரோடு அடித்துப் போகாமல் வேருக்காகக் காத்திருக்கும். செம்மண்ணில் மிகுந்திருக்கும் கயோலினைட் களி 100 கிராமுக்கு 3 முதல் 15 மில்லி ஈக்குவலன்ட் (மின்னேற்றத்தால் சத்தைப் பிடிக்கும் திறனின் அலகு) வரைதான் பிடிக்கும். மட்கு 200 வரை பிடிக்கும். இரும்பையும் துத்தநாகத்தையும் கரையும் நிலையில் கவ்வி வைத்திருப்பதும் அதுதான். துகள்களைக் குருணையாகக் கோப்பதால் மண் பொலபொலப்பாகி, மழைநீர் உள்ளே இறங்குகிறது.

வேரையும் அது தூண்டுகிறது. மண்புழு உரத்திலிருந்து எடுத்த ஹியூமிக் அமிலத்தை மக்காச்சோள நாற்றுக்குக் கொடுத்தபோது பக்கவேர்கள் கூடியதை பிரேசில் ஆய்வாளர்கள் 2002-இல் காட்டினார்கள். பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த 2014-ஆம் ஆண்டுக் கட்டுரை ஒன்று, தண்டும் இலையும் சராசரியாக 22 சதவீதம் எடை கூடியதாகக் கணக்கிட்டது. ஆகவே புட்டியில் இருப்பது வெறும் கறுப்புத் தண்ணீர் என்று தள்ளிவிட முடியாது.

ஆனால் தொழுவுரத்துக்கு மாற்று என்று சொல்வது தவறு. கணக்குப் போட்டால் தெரியும். ஓர் ஏக்கரில் மேல் 15 சென்டிமீட்டர் மண்ணின் எடை சுமார் 9 லட்சம் கிலோ. மண் பரிசோதனை அட்டையில் அங்ககக் கரிமம் 0.5 சதவீதம் என்றிருந்தால், அங்ககப் பொருளின் அளவை அறிய அதை 1.724 ஆல் பெருக்க வேண்டும். அங்ககப் பொருள் 0.86 சதவீதம், அதாவது ஏக்கருக்கு ஏறத்தாழ 7,700 கிலோ. இதுவே ‘குறைவு’ என்ற வகையின் விளிம்பு. 12 சதவீதக் கரைசல் ஒரு லிட்டரில் இருக்கும் ஹியூமிக் அமிலமோ சுமார் 120 கிராம்! அது வேரைத் தட்டி எழுப்பலாம், மண்ணின் வயிற்றை நிரப்பாது. மத்திய அரசும் 2021-இல் உரக் கட்டுப்பாட்டு ஆணையில் ஹியூமிக், ஃபுல்விக் அமிலங்களை ‘உயிரூக்கி’ என்ற பிரிவில்தான் சேர்த்தது.

புட்டிச் சரக்கு பெரும்பாலும் பழுப்பு நிலக்கரியைப் பொட்டாஷ் காரத்தில் ஊறவைத்து எடுப்பது. நெய்வேலி நிலக்கரியிலிருந்து எடுத்ததை வைத்துத் தமிழகத்திலேயே ஆய்வுகள் நடந்திருக்கின்றன.

தொழுவுரத்தின் வேலை எவ்வளவு காலம் நிற்கும் என்பதற்கு இங்கிலாந்தின் ராத்தம்ஸ்டெட் பண்ணை சாட்சி. அங்கே ஒரு பார்லி வயலில் 1852 முதல் ஆண்டுதோறும் ஹெக்டேருக்கு 35 டன் எரு போட்டார்கள். ஒரு பாத்தியில் மட்டும் 1871-க்குப் பிறகு நிறுத்திவிட்டார்கள். நூறாண்டு கடந்த பின்பும், எருவே காணாத பாத்தியைவிட அதில் கரிமம் கூடுதலாக இருந்தது. குளிர்நாட்டில் அப்படி. நம் வெயிலில் மட்கு வேகமாகக் கரையும். கோயம்புத்தூரில் 1909 முதல் நடந்துவரும் நிரந்தர உரப் பரிசோதனை வயலிலும் தொழுவுரம் தொடர்ந்து பெற்ற பாத்திகளே கரிமத்தில் முன்னே நிற்கின்றன. தொடர்ந்து போடுவதில்தான் சூட்சுமம். ஏக்கருக்கு 5 டன் தொழுவுரம், கிடைக்காவிட்டால் 20 கிலோ தக்கைப்பூண்டு விதைத்துப் பூக்கும் தறுவாயில் மடக்கி உழுவது, ஆட்டுக்கிடை என்று எது கைக்கு எட்டுகிறதோ அதை ஆண்டுதோறும் செய்யுங்கள். அதற்கு மேல் பணம் இருந்தால் புட்டி வாங்கலாம்.

கேள்வி: வைக்கோலை அப்படியே மடக்கி உழுதால் அடுத்த நாற்று மஞ்சளாகிறதே, ஏன்?

பதில்: வைக்கோலில் ஒரு பங்கு தழைச்சத்துக்கு 60 முதல் 80 பங்கு கரிமம் இருக்கிறது. அதைத் தின்னும் நுண்ணுயிரிகள் பற்றாத தழைச்சத்தை மண்ணிலிருந்து எடுத்துக்கொள்வதால் பயிர் சில வாரம் பட்டினி கிடக்கிறது. நடவுக்கு மூன்று, நான்கு வாரம் முன்பே மடக்கி உழுது, சாணக் கரைசலோ பசுந்தாளோ சேர்த்தால் இந்தச் சிக்கல் குறையும். எரிப்பது மட்டும் வேண்டாம். மட்காக வேண்டிய கரிமம் பெரும்பாலும் புகையாகப் போகும்.

கேள்வி: ஹியூமிக் கரைசலை மற்ற உரங்களோடு கலக்கலாமா?

பதில்: அமிலத்தன்மை உள்ள கரைசலோடும் கால்சியம் நைட்ரேட்டோடும் கலக்கக் கூடாது. ஆஷார்ட் கண்டது போன்ற படிவு தெளிப்பானுக்குள் உண்டாகி, முனையை அடைத்துவிடும். முதலில் ஒரு கண்ணாடி டம்ளரில் கொஞ்சம் கலந்து அரை மணி நேரம் வைத்துப் பார்க்க வேண்டும். அடியில் கறுப்பாகப் படிந்தால் இரண்டையும் தனித்தனி நாளில் கொடுப்பதே நல்லது.