சித்திரா வால்வு பிறந்த வரலாறு

மனித இருதயம் ஆண்டொன்றில் ஏறத்தாழ 4 கோடி முறை துடிக்கின்றது. ஒவ்வொரு துடிப்பிலும் வால்வுகள் எனப்படும் கதவங்கள் திறந்து மூடிக் குருதியை ஒரே திசையிற் செலுத்துகின்றன. இளமையில் தொண்டைநோயைத் தொடர்ந்து வரும் வாதக் காய்ச்சல் இக்கதவங்களைச் சிதைத்துவிடும். ஏழைக் குடும்பங்களையே பெரிதும் பற்றும் இந்நோய் முற்றியவிடத்துச் செயற்கை வால்வு பொருத்த நேரிடும். மேனாட்டு வால்வின் விலையோ அன்னாருக்கு எட்டாதது.

இக்குறையை நீக்க முனைந்தவர் சத்திரசிகிச்சை நிபுணர் ம. ச. வலியத்தான் (1934-2024) அவர்கள். பிரித்தானியாவிலும் அமெரிக்காவிலும் பயிற்சி பெற்ற இவர், 1974 இல் திருவனந்தபுரம் சென்று, பின்னர் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிலையம் எனப் புகழ்பெற்ற நிறுவனத்தை உருவாக்கினார். வைத்தியசாலையையும் பொறியியலாளரின் ஆய்வுகூடத்தையும் ஒரே நிறுவனத்தின் கீழ் இணைத்தமை அக்காலத்திற் புதுமையே.

அவர்கள் அமைத்த வால்வு, வளையமொன்றினுள் சாய்ந்தாடும் தட்டு. பார்வைக்கு எளிது, பொருளைத் தேர்வதே அரிது. முதல் வால்வின் தைத்தேனியச் சட்டம் உருக்கி ஒட்டிய இடத்தில் முறிந்தது. இரண்டாவதில் செயற்கை நீலக்கல்லாலான தட்டை அமைத்தனர். அது தைத்தேனியத்தைத் தேய்த்துவிட்டது. இரத்தினபுரிக் கல்லின் கடினத்தை அறிந்த நமக்கு இதில் வியப்பில்லை. மூன்றாவதில் சட்டத்தைக் கோபாற்றுக் கலப்புலோகத்தால் மாற்றினர். தேய்வு நீங்கிற்று. எனினும் செம்மறியாட்டிற் பொருத்தியபோது நீலக்கல் தட்டு உடைந்துபோயிற்று.

பல்லாண்டு உழைப்பும் பெரும் பொருளும் செலவான நிலை அது. நோயாளரோ காத்திருந்தனர். 'உயிருக்குப் போராடுவோர்க்கு இதையேனும் பொருத்தலாமே' என்னும் எண்ணம் எழுவதும் இயல்பு. வலியத்தான் அவ்வழிச் செல்லவில்லை, அவ்வடிவத்தைக் கைவிட்டார். அவருடைய சத்திரசிகிச்சைத் திறனிலும் இத்துணிவையே யான் மேலாக மதிக்கின்றேன்.

நான்காம் வால்வில், கல்லுக்குப் பதிலாக மூலக்கூற்று நிறை மிகுந்த பொலியெதிலீன் தட்டு இடம்பெற்றது. மென்மையான அப்பொருளே நின்று பயன் தந்தது. விலங்குகளிற் சோதித்தபின், 1990 டிசெம்பர் 6 ஆந் திகதி முதன்முறையாக ஒரு நோயாளருக்குப் பொருத்தினர். பொருத்தப்பெற்றோரைப் பல வைத்தியசாலைகளில் தொடர்ந்து அவதானித்த பின்னரே வால்வு விற்பனைக்கு வந்தது. அதன்பின் ஓர் இலட்சத்துக்கு மேற்பட்டோர் அதனைப் பெற்றுள்ளனர்.

ஆயினும் எந்தச் செயற்கை உலோக வால்வைப் பெற்றவரையும் போல, இவர்களும் குருதி உறையாதிருக்க வாழ்நாள் முழுவதும் மாத்திரை உட்கொண்டு, அடிக்கடி குருதிப் பரிசோதனைக்குச் செல்லல் வேண்டும். ஆய்வுகூடம் அணித்தில்லாத கிராமத்தவருக்கு அது எளிதன்று. வால்வின் விலை குறைந்தும் அவ்வல்லல் இன்னும் தீரவில்லை.