சாந்தம் எங்கே விளைகிறது?

கேள்வி: பொறுமையும் சாந்தமும் ஜெபத்தினால் மட்டுமே கிட்டுமா?

பதில்: ஜெபத்தோடு நெடுநாள் சேவையும் வேண்டும் என்பதே என் துணிபு. கொல்லிமலையில் ஊழியத்தோடு வைத்தியமும் புரிந்த ஜெஸ்ஸி பிராண்ட் 1929-இல் காய்ச்சலுக்குப் பலியான பின், அவர்தம் மனைவி ஈவ்லின் அம்மையார், துக்கம் கசப்பாக மாற இடங்கொடாமல், மிஷன் சங்கத்தார் ஓய்வளித்த முதிய பருவத்திலும் மலைக்கே திரும்பி, மட்டக்குதிரையேறி ஊரூராகச் சென்று, நரம்புச்சிலந்தியால் வருந்திய ஏழைகளுக்குச் சிகிச்சை செய்தார். எலும்பு முறிந்த பிறகோ, எண்ணுந்தோறும் நெஞ்சு நெகிழ்கிறது, இரு மூங்கிற்கோல்களை ஊன்றியே நடந்தார். 1974-இல் தமது 95-ஆம் பிராயத்தில் மறையும்வரை அவர் இச்சேவையை விட்டு நீங்கவில்லை. அம்மலையில் வளர்ந்த அவருடைய மகன் பால் பிராண்டே, வேலூரில் குஷ்டரோகிகளின் மடங்கிய விரல்களை அறுவைச் சிகிச்சையால் நிமிர்த்தியவர்.